மிர்ரீனியின் தலையணை

போரை நிறுத்த மனைவியர் கணவரைப் படுக்கையில் மறுக்கும் கதையான அரிஸ்டோபனீஸின் ‘லிசிஸ்ட்ராட்டா’வை இன்று படிப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சிகளாகப் பிரிகிறார்கள். ஒரு கட்சிக்கு அது போர் எதிர்ப்பின், பெண்ணுரிமையின் முதல் முழக்கம். மற்றதற்கு, பெண்களைக் குடிக்கும் காமத்துக்கும் அடிமைகளாகக் காட்டி ஆண்களே எழுதி ஆண்களே நடித்த ஆபாசக் கூத்து. இரு கட்சிகளும் நாயகியின் பேச்சுகளில்தான் சான்று தேடுகின்றன. நாடகத்தின் உயிரோ மிர்ரீனியிடம் இருக்கிறது.

பெண்கள் பிடித்துவைத்திருக்கும் அக்ரோபோலிஸின் வாசலில் அவளுடைய கணவன் கினேசியாஸ் வந்து நிற்கும் காட்சிக்கு ஈடாகக் கிரேக்க நகைச்சுவையில் இன்னொன்றைச் சொல்வது கடினம். கைக்குழந்தையைக் காட்டி மனைவியைக் கீழே வரவழைக்கிறான். வந்தவள் நேராக மறுப்பதில்லை, தடைகளை அடுக்குகிறாள். குழந்தையின் எதிரிலா? குழந்தை அடிமையோடு வீட்டுக்கு அனுப்பப்படுகிறது. இடம்? பான் தெய்வத்தின் குகை இருக்கிறது. கோயிலுக்குத் தூய்மையாகத் திரும்புவது எப்படி? கிளெப்சிட்ரா ஊற்றில் குளித்துக்கொள்ளலாம். செய்த சபதம்? அந்தப் பாவத்தை அவனே ஏற்றுக்கொள்கிறான். அவனிடம் எல்லாவற்றுக்கும் விடை உண்டு என்று ஆன பிறகுதான் அவள் கட்டில் எடுக்க ஓடுகிறாள். பிறகு பாய். பிறகு தலையணை, அவனுக்கு வேண்டாம், அவளுக்கு வேண்டும். பிறகு போர்வை. பிறகு வாசனைத் தைலம்; வந்தது ரோட்ஸ் தீவுச் சரக்கு, பிடிக்கவில்லை, வேறு குப்பி. இடையிடையே மார்க்கச்சை அவிழ்கிறது, செருப்பு கழல்கிறது. கடைசியில் போகிற போக்கில், சமாதானத்துக்கு வாக்களிக்கச் சொல்கிறாள். யோசிக்கிறேன் என்கிறான் அந்த மடையன். அவள் போய்விடுகிறாள்.

இக்காட்சியில் சிரிப்புக்கு ஆளாவது யார் என்பதை இரண்டாம் கட்சி கவனிக்க வேண்டும். மிர்ரீனியாக நடித்தவரும் ஆண்தான். அதனால் கேலி இரட்டிப்பாகிறதே தவிரக் குறையவில்லை. அடிமைப் பெண்களும் கணிகையரும் நிறைந்த ஏதென்ஸில் மனைவியரின் மறுப்பு எப்படிப் பலிக்கும் என்று கேட்பது நியாயமே. ஆனால் கினேசியாஸ், அவள் போனதிலிருந்து வீடு வெறிச்சோடிவிட்டது, சோறு ருசிக்கவில்லை என்று புலம்புகிறான். அவனுக்கு வேண்டியது தன் மனைவி. இந்த ஏக்கம் இல்லாமல் கதையே நிற்காது. அதே கட்சியின் இன்னொரு புகாருக்கு மறுப்பில்லை: முடிவில் ‘சமாதானம்’ என்ற பெண்ணுருவின் உடலை நிலப்படமாக்கி, ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் பங்கு போடும் இடம் இன்றைக்குக் கூசத்தான் வைக்கிறது.

முதல் கட்சிக்குப் பிடித்தது, ஆட்டுமயிரை அலசிச் சிக்கெடுத்து நூற்பதுபோல் நகரத்தைச் சீர்செய்யலாம் என்று நாயகி அதிகாரிக்குப் பாடம் நடத்தும் பேச்சு. அழகான பேச்சுதான். அதைவிடக் கனமானது, அதையடுத்து வரும் சில வரிகள்: போரிலிருந்து நரைத்துத் திரும்பும் ஆணுக்கும் மணப்பெண் கிடைப்பாள், காத்திருந்த கன்னிக்கோ காலம் கடந்துவிடும். ஏதென்ஸின் சிசிலிப் படையெடுப்பு கி.மு. 413இல் பேரழிவில் முடிந்தது. நாடகம் மேடையேறியது 411இல். அவையில் அதைக் கேட்டுச் சிரிப்பை நிறுத்தாதவர்கள் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள்.

இராக் போருக்குச் சற்று முன், 2003 மார்ச் 3 அன்று, 50க்கும் மேற்பட்ட நாடுகளில் 1,000க்கும் அதிகமான இடங்களில் இந்நாடகம் வாசிக்கப்பட்டது. 2015இல் ஸ்பைக் லீ ‘ஷிராக்’ படத்தில் கதையைச் சிகாகோவின் துப்பாக்கிக் கும்பல்களுக்கு நடுவே கொண்டுபோனார். நோக்கம் உயர்ந்தது, ஆனால் இந்த வழியில் நாயகி மேடைப் பேச்சாளராகிவிடுகிறாள், மிர்ரீனி ஓரத்துக்குப் போகிறாள். 1896இல் ஆப்ரி பியர்ட்ஸ்லி வரைந்த படங்களிலோ உடலைக் காட்டும் கூச்சமே இல்லை. நாடகத்தில் நடிகர்கள் அணிந்த தோல் ஆண்குறிகளை ஒளிக்காமல், இன்னும் பெரிதாக்கியே வரைந்தார். இன்றைய மேடையில் பலர் அவற்றைப் பலூனாக்கிச் சிரிப்பை வாங்கிக்கொண்டு, கட்டில், பாய், தலையணை என்று நிதானமாக ஏற வேண்டிய காட்சியை அவசரமாக முடித்துவிடுகிறார்கள். நாடகத்தைச் சுருக்கித்தான் போட வேண்டுமென்றால் ஆட்டுமயிர்ப் பேச்சை வெட்டலாம். தலையணையை வெட்டக் கூடாது.