‘கிளெயிம்’ என்னும் ஆங்கில வினை

ஒருவர் கூற்றைப் பிறர்க்கு எடுத்துரைக்குங்கால் ஆங்கிலத்திற் பெரிதும் வழங்கும் வினைகளுள் ‘கிளெயிம்’ என்பதும் ஒன்று. நம் மாணாக்கர் அதனைக் காணுந்தோறும் ‘உரிமை கோரினார்’ என மொழிபெயர்த்துவிடுகின்றனர். நிலத்துக்கு உரிமை கோரலாம். ஒரு செய்தி மெய்யென்பதற்கு உரிமை கோருதல் யாங்ஙனம்?

இச்சொல் கூவுதல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையடியிற் பிறந்து, பிரெஞ்சு வழியே ஆங்கிலம் புகுந்தது. தமக்குரியதைக் கேட்டல் என்பதே அதன் பழைய பொருள். அதனைக் ‘கூறினார்’ என்னும் பொருளில் ஆளுதல் தகாதென 1918-இல் அமெரிக்கப் பேராசிரியர் ஸ்ட்ரங்க் தமது நடைநூலில் விலக்கினார். எனினும் வழக்கு அவ்விலக்கைக் கடந்து சென்றது. இன்று, ‘அவர் சொல்கின்றார், மெய்யோ, யான் அறியேன்’ என்னும் எழுதுவோனது ஐயமும் அச்சொல்லுள் அடங்கிக் கிடக்கின்றது.

அவ்வையம் யார்பால் வைக்கப்படுகின்றது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது. 2006 மே 13-இல் எமது அல்லைப்பிட்டியிலும் வேலணைத்தீவின் வேறிடங்களிலும் குழந்தைகள் உட்படப் பொதுமக்கள் 13 பேர் கொல்லப்பட்டனர். ஊரவர் கடற்படையினரைச் சுட்டினர், கடற்படை மறுத்தது. இதனை எழுதப் புகும் ஒருவன் ஊரவர் கூற்றுக்குக் ‘கிளெயிம்’ என்றும், கடற்படையின் கூற்றுக்குக் ‘கூறிற்று’ என்றும் வினை இடுவானாயின், ஐயம் முழுதும் ஊரவர் தலைமேல் விழும். வினைகளை இடம் மாற்றின் ஐயமும் இடம் மாறும். சான்று ஒன்றும் காட்டாமலே தீர்ப்பு எழுதியாயிற்று!

அற்றேல், எழுதுவோன் ஐயுறுதல் கூடாதோ எனின், கூடும். அதனை உணர்த்தத் தமிழிற் சொற்பஞ்சம் இல்லை. ‘என்றார்’ என்பது நடுநிலையது. ‘வாதிட்டார்’ என்பது மறுப்போரும் உளர் எனக் குறிப்பது. ‘என்று சொல்லிக்கொள்கின்றார்’ என்பது நம்பாமையைப் புலப்படுத்துவது. ‘வந்தானாம்’ என்புழி இறுதி ‘ஆம்’, தான் கண்டதன்று, பிறர் சொல்லக் கேட்டதே என்பதனை அறிவிப்பது. ஆதலின் ‘கிளெயிம்’ வருமிடமெல்லாம் ஒரே சொல்லைப் பெய்யாது, எழுதியோன் கருத்து யாதெனத் தெரிந்து மொழிபெயர்த்தல் வேண்டும்.

இரு திறத்தார் கூற்றையும் உரைக்குங்கால் இருவர்க்கும் ஒத்த வினையையே வழங்குக. ஒருவர் கூற்றில் ஐயம் உண்டாயின் அதன் காரணத்தை வெளிப்பட எழுதுக. வினைக்குள் ஒளித்துவைத்தல் வேண்டா. மாணாக்கரும், சொன்னவர் யாரென நோக்குதலோடு அமையாது, அவர் சொன்னது எவ்வினையால் உரைக்கப்பட்டது என்பதனையும் நோக்கிப் பயில்வாராக.