தடமே ஆசான்: சென்னை வட்டாரத்து மோட்டார் சைக்கிள் பந்தய மரபும் அதன் பாணிகளும்

மோட்டார் சைக்கிள் பந்தயம் சென்னை வட்டாரத்தில் எழுபது ஆண்டுகளைக் கடந்த ஒரு மரபு. 1953-இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தோன்றிய காலத்திலிருந்து இம்மரபு இரண்டு தாய்க் களங்களில் வளர்ந்தது. முதற்களமான சோழவரம் நகருக்கு வடக்கே கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டியும், அடுத்த களமான இருங்காட்டுக்கோட்டை மேற்கே பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டியும் அமைந்திருக்க, இவ்விரண்டிற்கும் நடுவே கிடக்கிறது ஆவடியை அடுத்த பருத்திப்பட்டு. இவ்வூரிலிருந்து ஆவடி, செங்குன்றம் வழியாக வடக்கே போனால் சோழவரத்தையும், பூந்தமல்லி வழியாகத் தென்மேற்கே போனால் இருங்காட்டுக்கோட்டையையும் அடையலாம். சுற்றுவட்டாரமோ இயந்திரத்தோடு பிறந்து வளர்ந்தது. 1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலை எழுந்தது. 1965-இல் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையின் லேத் பட்டறைகள் அரை நூற்றாண்டுக்கு மேலாக இரும்பைக் கடைந்து வருகின்றன. ஆகவே பந்தய வண்டியின் வரலாற்றை இப்பகுதி மக்கள் அறிவது தங்கள் தொழில் வரலாற்றின் ஒரு கிளையை அறிவதாகும்.

இசையிலும் கூத்திலும் பாணி என்பது ஆசானின் பெயராலோ ஊரின் பெயராலோ வழங்குகிறது. பந்தயத்தில் பாணியை வகுப்பது தடம். ஓட்டுநர் எந்தத் தரையில் பழகினாரோ அந்தத் தரையின் இயல்பே அவருடைய கைப்பழக்கமாக மாறுகிறது. நீண்ட நேர்ப்பாதை ஒருவகை ஓட்டுநரையும், தொடர் வளைவு வேறொரு வகை ஓட்டுநரையும், வழுக்கும் மண் மற்றொரு வகை ஓட்டுநரையும் உருவாக்குகின்றன. இந்த நோக்கில்தான் இக்கட்டுரை பாணிகளை வரிசைப்படுத்துகிறது.

ஸ்பீட்வே: உலகின் அளவுகோல்

சென்னைப் பாணிகளை ஒப்பிட்டுப் பார்க்க, வெளிநாட்டில் வளர்ந்த ஒரு வகையை முதலில் காண்போம். மோட்டார் சைக்கிள் பந்தயங்களுள் மிக எளிய விதிகளும் மிகக் கடினமான கைத்திறனும் கொண்டது ஸ்பீட்வே. இது முட்டை வடிவ மண்தடத்தில் நடைபெறும் பந்தயம். தடத்தின் நீளம் 260 மீட்டர் முதல் 425 மீட்டர் வரை இருக்கலாம். நான்கு ஓட்டுநர்கள் இடச்சுற்றாக நான்கு சுற்று வருவர். ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடும். முதல் மூவருக்கு முறையே 3, 2, 1 புள்ளிகள், கடைசியாக வருபவருக்குச் சுழியம். வண்டி 500 சி.சி. ஒற்றை சிலிண்டர் எஞ்சின் கொண்டது, மெத்தனாலில் ஓடுவது. அதற்கு பிரேக் கிடையாது. பிரேக் இல்லாத வண்டியை வளைவில் எப்படி அடக்குவது என்ற கேள்விதான் இக்கலையின் மையம். ஓட்டுநர் ஆக்சிலரேட்டரைத் திறந்து பின்சக்கரத்தை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, முன்சக்கரத்தை அதற்கு எதிராகத் திருப்பி, எஃகுத் தகடு பூட்டிய இடக்காலைத் தரையில் தேய்த்தபடி வண்டியைப் பக்கவாட்டில் செலுத்துகிறார். வழுக்கலே இங்கே வேகத்தையும் திசையையும் கட்டுப்படுத்துகிறது.

ஆஸ்திரேலியாவின் வெஸ்ட் மெய்ட்லாண்டில் 1923 டிசம்பரில் நடந்த பந்தயத்தை இதன் தொடக்கமாகக் கொள்வது வழக்கம். 1928-இல் இங்கிலாந்தின் ஹை பீச்சில் அறிமுகமான இது விரைவிலேயே அங்கு பெருந்திரள் மக்களை ஈர்த்தது. 1936-இல் வெம்ப்ளியில் நடந்த முதல் உலகப் போட்டியில் ஆஸ்திரேலியரான லயனல் வான் பிராக் வென்றார். பின்வந்தவர்களில் சுவீடனின் ஓவே ஃபுண்டின் ஐந்து முறையும், நியூசிலாந்தின் ஐவன் மாகரும் சுவீடனின் டோனி ரிக்கார்ட்ஸனும் ஆறு முறையும் உலகப் பட்டம் பெற்றனர். போலந்தின் பார்டோஷ் ஸ்மார்ஸ்லிக் 2025-இல் தமது ஆறாவது பட்டத்தை வென்று அவ்விருவருக்கும் நிகரானார். மாகரின் வாழ்வு தனித்துக் குறிப்பிடத்தக்கது. 1957-இல் இளைஞராக இங்கிலாந்து வந்து நிலைபெற முடியாமல் திரும்பிய அவர், 1963-இல் மீண்டும் வந்து, எஞ்சினைத் தயார்செய்வதிலும் தொடக்க நாடாவைத் தாண்டிப் பாய்வதிலும் பிறர் காட்டாத கவனத்தைக் காட்டி, 1968 முதல் 1979 வரை ஆறு பட்டங்களைச் சேர்த்தார். முன்னேற்பாட்டால் வெல்வது மாகரின் வழி என்றால், பின்னாலிருந்து ஒவ்வொருவராகத் தாண்டி வெல்வது ஸ்மார்ஸ்லிக்கின் வழி.

இந்தியாவில் இப்பந்தயம் லீக்காக வேரூன்றவில்லை. ஆனால் அதன் உலகோடு ஓர் இயந்திர உறவு நமக்கு உண்டு. ஸ்பீட்வே தடங்களில் கோலோச்சிய செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவா என்னும் பெயரே, மைசூரின் ஐடியல் ஜாவா தொழிற்சாலை வழியாக 1960-களில் தென்னாட்டுச் சாலைகளுக்கு வந்தது.

சோழவரப் பாணி

சோழவரம் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம். போர் முடிந்தபின் வெறுமையாகக் கிடந்த ஓடுதளங்களைப் பந்தயக் களமாக்குவது இங்கிலாந்திலும் இலங்கையிலும் நிகழ்ந்தது போலவே சென்னையிலும் நிகழ்ந்தது. 1950-களிலிருந்து 1980-களின் இறுதிவரை, ஆண்டின் தொடக்க மாதங்களில் இங்கு நடந்த பந்தயங்கள் நாட்டின் பெருவிழாக்களுள் ஒன்றாக விளங்கின. கடல் கடந்து இலங்கை ஓட்டுநர்களும் வந்து கலந்துகொண்டனர். கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஒரே நிகழ்ச்சியில் ஓடியதால், சமஸ்தானத்து இளவரசர்களின் வெளிநாட்டு கார்களையும், சிறு பட்டறைக்காரர் தாமே கூட்டிய வண்டியையும் பார்வையாளர்கள் ஒரே நாளில் கண்டனர்.

ஓடுதளத்தில் நேர்ப்பாதை நீளமானது, வளைவுகள் சில, அவையும் கூரானவை. ஆகவே எஞ்சின் வலிமையும், நேர்ப்பாதையின் முடிவில் எவ்வளவு தாமதமாக பிரேக் பிடிக்க முடியும் என்ற துணிவும் இங்கே வெற்றியை முடிவுசெய்தன. இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் பந்தய வண்டி வாங்குவது அரிதாக இருந்ததால், திருவொற்றியூரில் உருவான என்ஃபீல்டு புல்லட்டும், ஜாவாவும் அதன் வழிவந்த யெஸ்டியும், பின்னர் ராஜ்தூத் 350-உம், யமஹா ஆர்.எக்ஸ். 100-உம் பந்தய வண்டிகளாக உருமாற்றப்பட்டன. சிலிண்டர் துளைகளின் உயரத்தையும் அகலத்தையும் அரத்தால் திருத்தும் ‘போர்ட்டிங்’, பல்சக்கரத்தின் பற்களைக் கூட்டிக் குறைக்கும் ‘ஸ்ப்ராக்கெட்’ மாற்றம், கார்புரேட்டர் ‘ஜெட்’ தேர்வு ஆகிய மூன்றும் அக்காலப் பட்டறைகளின் முக்கலை. ஓட்டுநரும் மெக்கானிக்கும் ஒரே ஆளாகவோ இணைபிரியா இருவராகவோ இருந்தது இப்பாணியின் தலையாய அடையாளம். ஓசையைக் கேட்டே எஞ்சினின் குறையைச் சொல்லும் செவி அவர்களுக்கு வாய்த்திருந்தது. வென்றவரின் பெயர் கோப்பையில் நின்றது. வண்டியைக் கூட்டியவரின் பெயர் பெரும்பாலும் எங்கும் பதியப்படவில்லை. இம்மரபின் வரலாற்றில் உள்ள பெருங்குறை இதுவே.

இருங்காட்டுக்கோட்டைப் பாணி

1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் திறக்கப்பட்டதும் மரபின் போக்கு மாறியது. 3.717 கிலோமீட்டர் நீளமும் 12 வளைவுகளும் கொண்ட இத்தடத்தில் நேர்ப்பாதையில் ஈட்டுவதைவிட வளைவில் இழப்பது அதிகம். வளைவின் உட்புறத்தை ஓட்டுநர் தொடும் புள்ளி ‘அபெக்ஸ்’ எனப்படும். அதை நோக்கி நுழைந்து, தொட்டு, வெளியேறும் பாதை ‘லைன்’ எனப்படும். லைன் ஒரு கையகலம் பிசகினாலும் அடுத்த நேர்ப்பாதை முழுவதும் வேகம் குறையும். வண்டியைச் சாய்த்து, உடலை இருக்கையிலிருந்து உட்பக்கம் தொங்கவிட்டு, முழங்காலில் கட்டிய தேய்ப்புப் பட்டை தரையை உரச ஓட்டும் முறை இத்தலைமுறையின் பொதுமொழி ஆயிற்று.

தொழிற்சாலை அணிகளும் ‘ஒன் மேக்’ போட்டிகளும் இப்பாணியின் மற்ற இரு தூண்கள். 1980-களின் தொடக்கத்திலேயே பந்தய அணியை நிறுவிய டி.வி.எஸ்., 1994-இல் ஒன் மேக் போட்டியைத் தொடங்கியது. ஒன் மேக் என்பது அனைவருக்கும் ஒரே வகை வண்டியை ஒரே தயார்நிலையில் தந்து ஓடச் செய்வது. பட்டறையின் வேறுபாடு நீங்க, ஓட்டுநரின் திறன் மட்டும் எஞ்சும். பணமில்லாத இளைஞருக்கு இது கதவைத் திறந்தது. அதே வேளையில் சோழவரத்தார் போற்றிய இயந்திரச் செவியை வளர்க்கும் தேவையையும் குறைத்தது. இந்த வரவையும் செலவையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

இத்தடத்தில் முதிர்ந்த சென்னை ஓட்டுநர்களுள் ரஜினி கிருஷ்ணன் பலமுறை தேசியப் பட்டம் வென்றதோடு, பின்னர் பயிற்சிக்கூடமும் நிறுவினார். ஜெகன் குமார் டி.வி.எஸ். அணிக்காகத் தொடர்ந்து தேசியப் பட்டங்களை ஈட்டினார். சரத்குமார் 2011-இல் 125 சி.சி. உலகப் போட்டித் தொடரில் பங்கேற்றார். 2019-இல் ராஜீவ் சேதுவும் செந்தில்குமாரும் ஹோண்டாவின் இந்திய அணி சார்பில் ஆசியச் சாலைப் பந்தயத் தொடரில் ஓடினர். 2023-இல் நொய்டா அருகே புத் தடத்தில் நடந்த இந்திய மோட்டோ ஜி.பி. வாரத்தில் கே.ஒய். அகமது மோட்டோ3 பிரிவில் சிறப்பு அனுமதி பெற்று இறங்கினார். பெண்களுள் முன்னாள் ஓட்டுநர் ஆர்.ஏ. அப்துல்லாவின் மகளான அலிஷா அப்துல்லா இரு சக்கரத்திலும் நாற்சக்கரத்திலும் ஓடிப் பலருக்கு வழிகாட்டினார். அவருக்குப் பின் ஆன் ஜெனிஃபர் போன்றோர் பெண்கள் பிரிவை உறுதிப்படுத்தினர். இளமையில் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓடிய நடிகர் அஜித்குமார் பின்னர் கார் பந்தயத்திற்கு மாறினார்; 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் போட்டியில் அவரது அணி தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்றது.

கோவைப் பாணியும் மண்தடமும்

கோவைப் பாணி பெரிதும் நாற்சக்கரத்தைச் சார்ந்தது எனினும் இங்கு சுட்டத்தக்கது. 1995-இல் விமான விபத்தில் மறைந்த எஸ். கரிவரதன் மாருதி கார் எஞ்சினைக் கொண்டு மலிவான ஒற்றை இருக்கைப் பந்தய கார்களை உருவாக்கினார். நாராயண் கார்த்திகேயன் முதலிய அடுத்த தலைமுறையினர் அவ்வகை கார்களில் ஏறியே பழகினர். கரிவரதன் நினைவாகச் செட்டிபாளையத்தில் அமைந்த 2.1 கிலோமீட்டர் தடத்திற்குக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று பெயர். பெயரில் ஸ்பீட்வே இருப்பினும் அது தார்த்தடமே, மேலே விளக்கிய மண்வட்டம் அன்று.

மண்ணில் நடப்பவற்றுள் தென்னிந்தியாவில் நிலைபெற்றவை, மேடுபள்ளங்களைத் தாவிக் கடக்கும் மோட்டோகிராஸும், அதைச் செயற்கை மேடுகளோடு சிறு திடலுக்குள் அடக்கிய சூப்பர்கிராஸும் ஆகும். ஸ்பீட்வேயின் நெருங்கிய உறவான ‘ஃபிளாட் டிராக்’, அதாவது மேடற்ற மண்வட்டத்தில் வழுக்கி ஓட்டும் முறை, ராயல் என்ஃபீல்டு நடத்தும் பயிற்சிகளின் வழியாகவே பலருக்கு அறிமுகமானது. டக்கார் பந்தயத்தை 2015-இல் நிறைவுசெய்த முதல் இந்தியரான சி.எஸ். சந்தோஷ் கோலார் அருகே நிறுவிய மண்திடல், இவ்வகைப் பயிற்சிக்குத் தென்னகத்தில் கிடைத்த நல்ல களங்களுள் ஒன்று.

தரத்தை அளக்கும் முறை

ஓட்டுநரின் தரத்தை உச்ச வேகத்தால் அளப்பது பாமர வழக்கு. தேர்ந்தவர்கள் நான்கு உரைகற்களைக் கையாளுகின்றனர். முதலாவது, சுற்று நேரத்தின் சீர்மை: ஒரு சுற்றை மின்னலாக ஓட்டுபவரைவிடப் பத்துச் சுற்றையும் ஒரே அளவில் ஓட்டுபவர் மேலானவர். இரண்டாவது, வளைவை விட்டு வெளியேறும் விதம்: நுழைவில் காட்டும் துணிவு கண்ணுக்குத் தெரியும், வெளியேற்றத்தில் காட்டும் பொறுமைதான் நேரத்தைக் குறைக்கும். மூன்றாவது, வண்டியின் நிலையை மெக்கானிக்கிற்குத் தெளிவாக எடுத்துச் சொல்லும் அறிவு. சோழவரத் தலைமுறைக்கு இது இயல்பாக இருந்தது, இன்றைய தலைமுறை முயன்று பெற வேண்டியதாக உள்ளது. நான்காவது, எல்லையை அறிதல். 2023-ஆம் ஆண்டில் மட்டும் இருங்காட்டுக்கோட்டையில் ஜனவரியில் ஒரு மூத்த கார் ஓட்டுநரும், ஆகஸ்டில் 13 வயதுச் சிறுவன் ஒருவனும் பந்தயத்தின்போது உயிரிழந்தனர். 2024 ஏப்ரலில் இலங்கையின் தியத்தலாவை ஃபாக்ஸ் ஹில் பந்தயத்தில் தடம் விலகிய கார் பாய்ந்து ஏழு பேர் மாண்டனர். உடற்கவசம், மருத்துவர், தடத்தின் ஓரத்து வெற்றிடம், வயது வரம்பு ஆகியவை நிறைந்த களத்திலும் இடர் முற்றிலும் நீங்குவதில்லை என்பதால், அவற்றில் ஒன்றேனும் குறைந்த களத்தைக் களம் என்றே கொள்ளலாகாது.

இவற்றில் ஒன்றுகூட இல்லாத இடம் பொதுச்சாலை. சாலையில் வேகப்போட்டி நடத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம். இருந்தும் நள்ளிரவில் நெடுஞ்சாலைகளில் இளைஞர்கள் போட்டியிடுவதும் காவல்துறை வண்டிகளைப் பறிமுதல் செய்வதும் சென்னைக்குப் புதிதன்று. தடமே ஆசான் என்றால், சாலையில் பழகுபவர் கற்பது நேர்ப்பாதையின் துணிவை மட்டுமே. வளைவின் பொறுமையை அது கற்பிப்பதில்லை.

இருங்காட்டுக்கோட்டை போன்ற பெருந்தடம் அமைக்கப் பரந்த நிலமும் பெரும் பொருளும் வேண்டும். ஸ்பீட்வே வட்டத்திற்கோ ஒரு கால்பந்து மைதானத்தைச் சுற்றி மண் பரப்பும் இடமும், வலுவான தடுப்பு வேலியும், தேர்ந்த மேற்பார்வையும் போதும். ஐரோப்பாவின் பல சிற்றூர்கள் இத்தகைய சிறு வட்டங்களிலிருந்தே தம் ஓட்டுநர்களை வளர்த்தெடுத்துள்ளன. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்தில் இயந்திரம் அறிந்த கைகளுக்கும் ஆர்வமுள்ள இளைஞருக்கும் குறைவில்லை. குடியிருப்பையும் நீர்நிலையையும் விட்டு விலகிய ஒரு திடலில் முந்நூறு மீட்டர் மண்வட்டம் ஒன்று அமைய, விளையாட்டுத் துறையினரும் மோட்டார் கழகங்களும் தொழில் நிறுவனங்களும் முன்வர வேண்டும். அங்கு ஓடும் முதல் பந்தயத்திலிருந்தேனும், வென்றவரின் பெயருக்கு அருகில் வண்டியைக் கூட்டிய மெக்கானிக்கின் பெயரும் பதிவேட்டில் எழுதப்படட்டும்.