அளவு ரவிக்கை வைத்துத் தைத்த டிரைவர்

உபுண்டுவில் புதிய கர்னல் இறங்கும்போது திரையில் ஓடும் வரிகளைக் கண் எடுக்காமல் பார்ப்பது என் வழக்கம். என்விடியா கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினி என்றால் நடுவில் ஓரிடத்தில் வரிகள் அப்படியே நின்றுவிடும். விசிறிச் சத்தம் மட்டும் ஏறும். உள்ளே ஒரு தையல் நடந்துகொண்டிருக்கிறது.

லினக்ஸ் கர்னல் தன் உள்கட்டமைப்பை யாருக்காகவும் மாறாமல் வைத்திருப்பதில்லை. இன்று மூன்று மதிப்புகள் கேட்கும் ஃபங்ஷன் அடுத்த பதிப்பில் இரண்டு கேட்கும். அதற்கடுத்ததில் இல்லாமலே போகும். அதனால் பழைய கர்னலுக்குக் கட்டிய டிரைவர் மாட்யூலைப் புதியது சேர்த்துக்கொள்ளாது, மறுபடி கட்டத்தான் வேண்டும். நாம் கையால் செய்துவந்த இந்த வேலையைத் தானே எடுத்துச் செய்ய, டெல் நிறுவனப் பொறியாளர்கள் 2003 வாக்கில் எழுதியது டிகேஎம்எஸ்.

எனக்கு அதைவிடப் பிடித்தது, என்விடியா டிரைவரோடு வரும் கான்ஃப்டெஸ்ட் என்ற ஷெல் ஸ்கிரிப்ட். பதிப்பு எண்ணை நம்பி அது துணி வெட்டாது. எண் பழையதாக இருந்தாலும், புதிய மாற்றங்களை உள்ளே சேர்த்து வெளியிடும் லினக்ஸ் வகைகள் உண்டே! நல்ல தையற்காரர் வயதையா கேட்பார்? அளவு ரவிக்கையைக் கேட்பார். இங்கே அளவு ரவிக்கை, என்னென்ன ஃபங்ஷன்கள் உண்டு என்று அறிவிக்கும் கர்னலின் ஹெடர் கோப்புகள்.

அளவெடுக்கும் விதம்தான் அழகு. ஒரு ஃபங்ஷன் இருக்கிறதா என்று தெரிய வேண்டும். மதிப்பு எதுவும் தராமல் அதை அழைக்கும் சின்ன சி நிரல் ஒன்றை எழுதி கம்பைலரிடம் நீட்டுகிறது. ஹெடரில் அந்த ஃபங்ஷன் இருந்தால், 'இப்படி அழைக்கக் கூடாது' என்று கம்பைலர் மறுக்கும். இல்லையென்றால் பேசாமல் கம்பைல் செய்துவிடும். ஆக, பிழை வந்தால் ஃபங்ஷன் உண்டு! முதன்முதலில் இதைப் படித்தபோது அந்தப் பக்கத்தைவிட்டு நகர மனம் வரவில்லை. எழுதியவர் கைக்கு மோதிரம் போடலாம்.

இப்படிக் கிடைத்த விடைகளின்படி, கர்னலுக்கும் டிரைவருக்கும் நடுவே நிற்கும் இடைப்படலம் கம்பைல் ஆகிறது. பல ஆண்டுகள் அந்தப் படலம், நிறுவனம் மூலநிரல் தராத ஒரு பைனரியோடு இணைக்கப்பட்டே மாட்யூல் ஆனது. 2022 மே மாதம் கர்னல் மாட்யூல்களின் மூலநிரலையே என்விடியா திறந்துவிட்டது. கான்ஃப்டெஸ்ட் அதிலும் இருக்கிறது.

அளவு ரவிக்கை இல்லாவிட்டால் மட்டும் தையல் நடக்காது. கர்னல் புதிதாக வந்து, அதற்கான ஹெடர் தொகுப்பு வராமல் போனால், மறுதொடக்கத்தில் கறுப்புத் திரையே மிஞ்சலாம். ஆகவே கணினியை மறுதொடக்கம் செய்யும் முன் 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' என்று ஒருமுறை கேளுங்கள். புதிய கர்னலின் எண்ணுக்கு எதிரே 'இன்ஸ்டால்டு' என்று இருந்தால் தையல் முடிந்துவிட்டது.