முத்துக்குளித்துறையும் புத்தர் படிமங்களும்: பாணி வரையறை குறித்த ஒரு மதிப்பீடு

முன்னுரை

பண்டைப் புத்தர் படிமங்களை அமராவதிப் பாணி, அநுராதபுரப் பாணி, நாகப்பட்டினப் பாணி எனப் பகுப்பது கலை வரலாற்றாய்வில் நிலைபெற்ற வழக்கமாகும். கொற்கை, தூத்துக்குடி உள்ளிட்ட முத்துக்குளித்துறையோ பெரும்பாலும் இலங்கைக்குச் செல்லும் வழியாகவே சுட்டப்படுகிறது. இக்கரையின் பௌத்தக் கலையைப் பாணியொப்புமை ஒன்றைக் கொண்டே வரையறுக்க இயலுமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

செப்புப் படிமங்களும் கிடைத்த இடமும்

நாகப்பட்டினப் பாணி என்னும் பெயர் வலுவான சான்றுகளின்மேல் நிற்கிறது. 1856 முதல் 1930கள் வரை அங்கு ஏறத்தாழ 350 பௌத்தப் படிமங்கள் கிடைத்தன. சிலவற்றின் பீடங்களில் தமிழ்ப் பொறிப்புகள் உள்ளன. டி. என். இராமச்சந்திரன் 1954இல் வெளியிட்ட நூல் அவற்றைத் தொகுத்து ஆராய்ந்தது. அப்படிமங்களின் உச்சியில் காணப்படும் தீச்சுடர் வடிவம் இலங்கைப் படிமங்களிலும் உண்டு. ஆதலின் தனித்துக் கிடைக்கும் ஒரு படிமத்தை அச்சுடர் ஒன்றைக் கொண்டு இன்ன ஊரில் வார்க்கப்பட்டதெனக் கூறுதல் பொருந்தாது.

மேலும், உலோகப் படிமங்கள் இடம்பெயர்பவை. 9ஆம் நூற்றாண்டில் பாண்டிய வேந்தன் அநுராதபுரத்திலிருந்து பொற்புத்தர் படிமத்தைக் கவர்ந்து சென்றதையும், இரண்டாம் சேனன் காலத்தில் அது மீட்கப்பட்டதையும் சூளவம்சம் கூறுகிறது. அவ்வேந்தன் சீமாறன் சீவல்லபன் என்பர். மீட்கப்படாது பாண்டிய மண்ணிலேயே புதையுண்டு பின்னாளில் வெளிப்பட்டிருப்பின், அப்படிமம் பாண்டிய நாட்டுப் பாணிக்கே சான்றாகக் காட்டப்பட்டிருக்கும்.

கல்லின் சான்று

பாறைப் புடைப்புச் சிற்பத்திற்கு இவ்வையம் இல்லை. தூத்துக்குடி மாவட்டக் கழுகுமலையில் வரிசையாகச் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் திருமேனிகளின்கீழ், அவற்றைச் செய்வித்தோரின் பெயர்களை வட்டெழுத்துக் கல்வெட்டுகள் தருகின்றன. மடியில் கைகளை வைத்து அமர்ந்த தியானக் கோலம் புத்தருக்கும் தீர்த்தங்கரருக்கும் பொதுவானது. முக்குடை தீர்த்தங்கரரைக் காட்டும். மார்பின் குறுக்கே செல்லும் ஆடை விளிம்பும் உச்சிச் சுடரும் புத்தரைக் காட்டும். தேய்ந்த கல்லில் முதலில் மறைவது அம்மெல்லிய விளிம்பே. அதனைக் காணாத நிலையில் ஓர் உருவைப் புத்தர் என்றோ சமணர் என்றோ துணிவது, ஒரு சமயத்தின் வரலாற்றை மற்றொன்றின் கணக்கில் எழுதுவதாகும்.

முடிவுரை

பொறிப்பு, உருவமைதி, கிடைத்த மண்ணடுக்கு ஆகியவற்றை முதலில் நிறுவி, அதன்பின்னரே பாணியை உரைத்தல் வேண்டும். முத்துக்குளித்துறையைப் பொறுத்தவரை, பாணிப்பெயர் ஆய்வின் தொடக்கமாக அன்றி அதன் முடிவாகவே அமைதல் தகும்.