டெஸ்டரை எவ்வளவு நம்பலாம்?

லைட் எரியவில்லை என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் அவர் சட்டைப் பையிலிருந்து முதலில் வெளியே வருவது டெஸ்டர். சுவிட்ச் போர்டைக் கழற்றி இரண்டு திருகில் வைத்துப் பார்ப்பார். "ஃபேஸ் வருது, சுவிட்ச்தான் போச்சு" என்று சுவிட்சை மாற்றுவார். எரியாவிட்டால் ஹோல்டர் மாறும். பிறகு பல்பு மாறும். கடைசியில் "பைப்புக்குள்ள வயர் போயிருக்கு, சுவரை உடைக்கணும்" என்ற இடத்தில் வந்து நிற்கும். வீட்டுக்காரரும் அதையே நம்புகிறார், ஏனென்றால் டெஸ்டர் எரிந்ததை அவரும் பார்த்தார். அந்தச் சிறு ஒளி எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை எடைபோட்டுப் பார்க்காமல் நம் வீட்டு மின்பழுதுகளைச் சரியாகக் கண்டுபிடிக்க முடியாது.

டெஸ்டருக்குள் இருப்பது ஒரு நியான் குமிழும், அதனுடன் தொடராக ஏறத்தாழ பத்து லட்சம் ஓம் அளவுள்ள ஒரு மின்தடையும். நுனியில் படும் மின்சாரம் அந்தத் தடையைக் கடந்து, பிடித்திருப்பவர் உடம்பின் வழியே தரையைச் சேர்கிறது. ஓடுவது ஒரு மில்லியாம்பியருக்கும் குறைவு என்பதால் நமக்கு உறைப்பதில்லை. நியான் ஒளிர நூறு வோல்ட்டுக்கும் குறைவாகவே போதும். ஆகவே வயரில் இருப்பது முழு 230 வோல்ட்டா, பக்கத்து வயரிலிருந்து தூண்டப்பட்டு வந்த வலுவற்ற அழுத்தமா என்று டெஸ்டர் பிரித்துச் சொல்லாது. உலர்ந்த மர ஸ்டூலில், ரப்பர் செருப்போடு நிற்பவர் கையில் அது மங்கலாக எரியும். வெயில் அடிக்கும் வராண்டாவில் எரிவதே கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. விளக்கு எரிய இரண்டு முனைகள் வேண்டும். டெஸ்டர் ஒரு முனையைத்தான் பார்க்கும். நியூட்ரல் எங்கோ அறுந்திருக்கிறது என்று வையுங்கள். சுவிட்சைப் போட்டதும் ஃபேஸ் பல்பின் வழியாகவே மறுபக்கத்துக்கும் வந்துவிடும். ஹோல்டரின் இரு முனையிலும் டெஸ்டர் எரியும். "ரெண்டு பக்கமும் ஃபேஸ் வருது, வயர் எங்கேயோ ஒட்டியிருக்கு" என்ற தவறான முடிவு பிறப்பது இங்கேதான். அங்கே எதுவும் ஒட்டவில்லை, ஒன்று அறுந்திருக்கிறது. ஒட்டியதாக எண்ணிச் சுவரை உடைப்பவருக்கு, ஜங்ஷன் பாக்ஸில் கழன்று கிடக்கும் நியூட்ரல் முறுக்கு கண்ணில் படாது.

டெஸ்டரைத் தூக்கி எறிய வேண்டும் என்பது என் வாதமல்ல. மோட்டார் உடம்பிலோ இரும்பு பீரோவிலோ கரண்ட் கசிகிறதா என்று ஒரு நொடியில் எச்சரிக்க அதைப் போல எளிய கருவி வேறில்லை. அது எரிந்தால் கை வைக்காதீர்கள். ஆனால் எரியவில்லை என்பதை மட்டும் நம்பி எந்த வயரையும் தொடாதீர்கள்.

எல்இடி பல்பு வந்தபின் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிவிட்டது. 2015-இல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் மட்டும் நாடு முழுவதும் 36 கோடிக்கு மேல் எல்இடி பல்புகள் வழங்கப்பட்டன. அதோடு பழைய வயரிங்கில் மறைந்திருந்த கோளாறுகளும் வெளியே தெரிய ஆரம்பித்தன. சுவிட்சை அணைத்த பிறகும் இருட்டில் பல்பு மங்கலாக மினுங்குவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். 60 வாட் குண்டு பல்பு எரிய ஏறத்தாழ 260 மில்லியாம்பியர் வேண்டும். சில மைக்ரோ ஆம்பியர் கசிவு அதன் இழையைச் சூடாக்கக்கூடச் செய்யாது. எல்இடிக்கு அந்தக் கசிவே போதும். உள்ளே இருக்கும் கெபாசிட்டர் அதைச் சேர்த்துவைத்து அவ்வப்போது மினுக்கிக் காட்டும்.

மினுங்கலுக்குக் காரணம் மூன்றில் ஒன்றாகவே பெரும்பாலும் இருக்கும். சுவிட்சில் இண்டிகேட்டர் விளக்கு இருந்தால் அதன் வழியாகக் கசியலாம். மாடிப்படி டூ வே சுவிட்ச் போல ஒரே பைப்பில் நீண்ட தூரம் ஒட்டி ஓடும் வயர்களுக்கிடையே தூண்டப்பட்டு வரலாம். இவை இரண்டும் ஆபத்தில்லாதவை. மூன்றாவது, சுவிட்ச் ஃபேஸில் இல்லாமல் நியூட்ரலில் இருப்பது. இதுதான் கவலைக்குரியது. ஒற்றை முனை சுவிட்ச் ஃபேஸில்தான் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு வயரிங் விதி. மாறிப்போனால் சுவிட்சை அணைத்த பின்னும் ஹோல்டரில் முழு 230 வோல்ட் நிற்கும். அணைத்துவிட்டோம் என்ற தைரியத்தில் பல்பு மாற்றப் போகிறவர் விரல் அதில்தான் படுகிறது. இன்வெர்ட்டர் இணைக்கும்போதோ மீட்டர் பெட்டியில் வேலை பார்க்கும்போதோ ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறினால் வீட்டிலுள்ள எல்லா சுவிட்சும் இந்த நிலைக்கு வந்துவிடும். விளக்குகளோ எப்போதும்போல எரியும்.

மினுங்கலுக்கு வழக்கமாகச் சொல்லும் மருந்து, "பல்பு சரியில்லை, நல்ல கம்பெனியா வாங்குங்க" என்பது. வேறு பல்பு போட்டால் மினுங்கல் நின்றும் போகலாம். ஆனால் காரணம் மூன்றாவதாக இருந்தால், நாம் நீக்கியது எச்சரிக்கையை மட்டும்தான். ஆபத்து அப்படியே இருக்கிறது. பொருளை மாற்றிப் பார்க்கும் முறையின் மிகப் பெரிய குறையாக நான் கருதுவது இதையே.

மல்டிமீட்டர் இரண்டு புள்ளிகளுக்கிடையே அளப்பதால் டெஸ்டரைவிட ஒரு படி மேல். பல்பைக் கழற்றி, சுவிட்சை அணைத்து, ஹோல்டரின் ஒவ்வொரு முனைக்கும் எர்த்துக்கும் இடையே அளக்க வேண்டும். எர்த் நன்றாக இருந்து, எதிலாவது 230 காட்டினால் சுவிட்ச் நியூட்ரலில் இருக்கிறது என்றே கொள்ளலாம். ஆனால் மீட்டருக்கும் ஒரு பலவீனம்: அது மிகக் குறைந்த மின்னோட்டமே எடுப்பதால், எதோடும் சேராத வயரில்கூட 40, 80 வோல்ட் என்று காட்டும். இந்தப் பொய்யை உடைப்பது டெஸ்ட் லேம்ப். இரண்டு வயரோடு ஒரு ஹோல்டர், அதில் குண்டு பல்பு. தூண்டப்பட்ட அழுத்தம் அதன் சுமையைத் தாங்காமல் விழுந்துவிடும். உண்மையான இணைப்பு மட்டுமே பல்பை எரிக்கும். அதில் எல்இடியைப் போட்டால் சோதனையே வீண். மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி உள்ள வீட்டில் டெஸ்ட் லேம்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே வைத்தால் ட்ரிப் ஆகும். நியூட்ரலோடு சோதிக்கத்தான் அதைப் பயன்படுத்த வேண்டும். அதன் முனைகளும் வெறும் கம்பியாக நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

மாற்றுவதுதான் சரி என்ற இடமும் உண்டு. சுவிட்ச் உருகியிருந்தால், பழுப்பேறியிருந்தால், கரகரவென்று சத்தம் வந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் 9 வாட் பல்பின் சுவிட்ச் ஏன் உருகியது என்று கேட்பவர் குறைவு. நம் போர்டுகளில் ஃபேஸ் ஒரு சுவிட்சிலிருந்து அடுத்ததற்கு லூப் போட்டுச் செல்கிறது. பக்கத்து பிளக்கில் 1000 வாட் அயர்ன் பாக்ஸ் போட்டால், அதன் 4.3 ஆம்பியரும் லைட் சுவிட்சின் திருகு வழியாகவே போகலாம். அந்தத் திருகில் அரை ஓம் தளர்வு இருந்தால் அங்கே 9 வாட் வெப்பம் பிறக்கும். கருகிய வயர் நுனியை வெட்டிப் புதிதாகச் சீவாமல் அதையே புது சுவிட்சில் முறுக்கினால் புதியதும் கருகும்.

டிம்மரில் நிலைமை வேறு. எல்இடி துடிக்கிறது, உறுமுகிறது, முழுதாக அணைவதில்லை என்றால் வயரிங்கை நோண்டுவதற்கு முன் ஒரு குண்டு பல்பைப் போட்டுப் பாருங்கள். அது சீராக ஏறி இறங்கினால் டிம்மரும் வயரும் பெரும்பாலும் குற்றமற்றவை. பழைய டிம்மருக்குள் மின்சாரத்தைத் திறந்து மூடும் ட்ரையாக் தொடர்ந்து கடத்த ஓரளவு மின்னோட்டம் வேண்டும்; சிறிய எல்இடி அதைத் தருவதில்லை. டிம்மருக்கு ஏற்றது என்று அட்டையில் எழுதியுள்ள பல்பும் அதற்குப் பொருந்தும் டிம்மரும்தான் தீர்வு. ஃபேன் ரெகுலேட்டரை டிம்மராக்குவது தீர்வே அல்ல.

என் தீர்ப்பு இது: முதல் எச்சரிக்கைக்கு டெஸ்டர், அளவுக்கு மீட்டர், உறுதிக்கு டெஸ்ட் லேம்ப், இவை மூன்றும் முடிந்த பின்பே பொருளை மாற்றலாம். டெஸ்டரோடு நின்றுவிடும் பழுதுபார்ப்பை, விளக்கு எரிந்தாலும், முழுமையானது என்று ஏற்க முடியாது. அளக்கும் வேலையை உரிமம் பெற்ற வயர்மேனிடம் விடுங்கள். எதை எங்கே அளந்தார் என்று அவரிடம் கேளுங்கள். பல்பு மாற்றுவதானாலும் மெயினை இறக்கிவிட்டு மாற்றுங்கள்.