மலையுச்சியை வெட்டிவிட்ட பாட்டு

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு மட்டும் இன்னும் நிற்கிறது. உள்ளே ஸ்டுடியோ இல்லை, வீடுகள் வந்துவிட்டன. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வண்டியை ஓரம்கட்டி ஒரு போட்டோ எடுக்காமல் நான் வந்ததில்லை. ஆறேழு வருடமாக அந்தக் கம்பெனியைப் பற்றிக் குறிப்பு சேர்த்துக்கொண்டிருக்கிறேன். டி.ஆர்.சுந்தரம் என்ற பெயரில் 'டி' என்பது எங்கள் பக்கத்துத் திருச்செங்கோடு. லீட்ஸில் நெசவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்த மனிதர், 1930களின் நடுவில் சேலத்தில் ஸ்டுடியோ கட்டி, நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் வரக் காரணமாக இருந்தார். சொந்த ஊர்ப் பெருமை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சாஃப்ட்வேர் ஆள். அதனால் என் குறிப்புகள் எல்லாம் எக்செல்லில் இருக்கின்றன. வருடம், படம், இயக்குநர், வசனம், இசை, நடிகர்கள், கடைசியில் 'முக்கியத்துவம்' என்று ஒரு பத்தி. 1937 சதி அகல்யா: முதல் படம். 1938 பாலன்: மலையாளத்தின் முதல் பேசும்படம். 1940 உத்தமபுத்திரன்: பி.யு.சின்னப்பா இரட்டை வேடம். 1956 அலிபாபாவும் 40 திருடர்களும்: தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம், கேவா கலர். 1961 கண்டம் பெச்ச கோட்டு: மலையாளத்தின் முதல் வண்ணப்படம். இப்படியே போகும். எல்லாம் முதல், முதல், முதல்.

இதற்கு எங்கள் வீட்டில் பெயர் 'ஆய்வு'. ஞாயிற்றுக்கிழமை காலை நான் லேப்டாப்பைத் திறந்தால் பையன் கூட சத்தம் போடமாட்டான். அப்பா ஆய்வு பண்றாரு.

அதே வீட்டில் இன்னொரு பழைய சங்கதிப் பிரியர் இருக்கிறார். என் மனைவி. கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் கணக்கு டீச்சர், அதன் பிறகு வீடு. பெங்களூரிலிருந்து ராசிபுரத்துக்கே திரும்பி வந்த பிறகு அவருக்குப் பழைய பொருள்மேல் ஒரு பிடிப்பு வந்துவிட்டது. மாக்கல்லில் கடைந்த கல்சட்டி ஒன்றை வாங்கி வந்து, பத்து நாள் கஞ்சித்தண்ணி ஊற்றி, நல்லெண்ணெயும் மஞ்சளும் தடவிப் பழக்கினார். எடுத்த எடுப்பில் அடுப்பில் வைத்தால் விரிசல் விட்டுவிடுமாம். பரணில் கிடந்த பல்லாங்குழியை இறக்கி, பதினாலு குழிக்கும் புளியங்கொட்டை கழுவிக் காயவைத்தார். ராத்திரி பத்து மணிக்கு மேல் அடுப்படி வேலை ஓய்ந்ததும் அம்மாவும் அவரும் சேர்ந்து கறுப்பு வெள்ளைப் படம் பார்ப்பார்கள். இதற்கு எங்கள் வீட்டில் பெயர் 'பொழுதுபோக்கு'.

எனக்கு இந்தப் பழமை ஆசைமேல் ஒரு இளக்காரம் இருந்தது, மறைப்பானேன். அதை விளக்க நான் ஒரு உதாரணம் வைத்திருந்தேன். நண்பர்களிடம் பலதடவை சொல்லியிருக்கிறேன். மந்திரி குமாரி (1950) படத்தில் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடும் அந்த மலைப் பாட்டு உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஜி.ராமநாதன் இசை. ரேடியோவில் கேட்டால் அது ஒரு சுகமான காதல் டூயட். இன்றைக்கும் பழைய பாடல் நிகழ்ச்சிகளில் அப்படித்தான் போடுகிறார்கள். படத்தில் பார்த்தால் கதையே வேறு. மனைவியைக் கொல்வதற்காகப் புருஷன் மலையுச்சிக்குக் கூட்டிப்போகும் பாட்டு அது. பழமை ஆசை என்பது மலையுச்சியை வெட்டிவிட்டுப் பாட்டை மட்டும் வைத்துக்கொள்வது. இதுதான் என் வாதம். கேட்பவர்கள் 'அட' என்பார்கள். எனக்கும் திருப்தியாக இருக்கும்.

போன மாதம் ஒரு ராத்திரி அவர்கள் மந்திரி குமாரி பார்த்தார்கள். நானும் உட்கார்ந்தேன், என் உதாரணம் ஓடப்போகிறதே என்று.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக. ராஜகுரு (எம்.என்.நம்பியார்) தன் மகன் பார்த்திபனைத் தளபதியாக்கப் பார்க்கிறான். ராஜா அந்தப் பதவியை வீரமோகனுக்கு (எம்.ஜி.ஆர்.) கொடுத்துவிடுகிறார். பார்த்திபன் (எஸ்.ஏ.நடராஜன்) கொள்ளைக்காரனாகிறான், கொள்ளையை ஒரு கலை என்று வேறு சொல்லிக்கொள்கிறான். அவன் இளவரசிக்கு அனுப்பிய ஓலை தவறி மந்திரியின் மகள் அமுதவல்லி (மாதுரி தேவி) கைக்குப் போகிறது. அவள் அவனை விரும்பிவிடுகிறாள். அவன் பிடிபட்டு அம்மன் சிலை முன் விசாரணை நடக்கும்போது, இவள் சிலைக்குப் பின்னால் ஒளிந்து நின்று அம்மன் குரலில் பேசிக் காப்பாற்றுகிறாள். கல்யாணம் ஆகிறது. பிறகுதான் அவன் யார் என்று தெரிகிறது. கடைசியில் மலையுச்சி. கொல்லப்போகிறேன் என்கிறான். சாகும் முன் உங்களை மூன்று முறை வலம் வர வேண்டும் என்று கேட்கிறாள். சுற்றி வரும்போது பின்னாலிருந்து தள்ளிவிடுகிறாள்.

அந்த இடத்தில் என் மனைவி சாதாரணமாக ஒன்று சொன்னார். "கவனிச்சீங்களா? ரெண்டு தடவையும் அவ பின்னாடிதாங்க நிக்கிறா. சாமிக்குப் பின்னாடி நின்னாத்தான் சபையில பேச முடியுது. புருஷனுக்குப் பின்னாடி போனாத்தான் தப்பிக்க முடியுது."

நான் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் லேப்டாப்பைத் திறந்து என் குறிப்பைப் பார்த்தேன். அப்படியே தருகிறேன்: 'மந்திரி குமாரி, 1950. இயக்கம் எல்லிஸ் ஆர்.டங்கன், டி.ஆர்.சுந்தரம். கதை வசனம் மு.கருணாநிதி. முக்கியத்துவம்: எம்.ஜி.ஆர்.-கருணாநிதி கூட்டணி; டங்கனின் கடைசித் தமிழ்ப் படம்; குண்டலகேசிக் கதை.' அமுதவல்லி நடிகர்கள் பத்தியில் மாதுரி தேவிக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இருக்கிறாள். படத்தின் பெயரே அவள்தான். என் ஆறு வருட ஆய்வில் அவளுக்கு ஒரு வரி இல்லை. பாட்டை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது நான்தான்.

அன்றிலிருந்து அந்த 'பின்னாடி' என்ற சொல்லை வைத்துக்கொண்டு படத்தை இன்னும் இரண்டு முறை பார்த்தேன். படத்தைப் பற்றி எனக்கு இருந்த ஒரு பழைய சந்தேகம் தீர்ந்தது. எம்.ஜி.ஆர். இருக்கும் படத்தில் முடிச்சை அவிழ்ப்பது அவர் வாள் இல்லையே, ஏன்? வீரமோகன், இளவரசி காதல் எனக்குக் கொஞ்சம் சப்பென்றுதான் தெரிகிறது. வழக்கமான ராஜா கதை. அந்தச் சட்டத்துக்குள் அமுதவல்லி கதை மட்டும் வேறு தினுசில் ஓடுகிறது. அவளுக்கு வாள் கிடையாது, பதவி கிடையாது. ஒரு பெண்ணுக்கு ஊர் அனுமதித்திருக்கும் இரண்டு வேஷம்தான் கையில் இருக்கிறது: அம்மன், பத்தினி. முதலாவதைப் புருஷனாகப் போகிறவனைக் காப்பாற்றச் செலவழிக்கிறாள். இரண்டாவதை அவனிடமிருந்து தன்னைக் காப்பாற்றச் செலவழிக்கிறாள். வலம் வருவது என்பது மரியாதை. அதை வேண்டாம் என்று அவனால் சொல்ல முடியாது. தன்னைத் தெய்வமாக நினைக்கிறாள் என்று அவன் நின்றுகொண்டிருக்கிற அந்தச் சில நொடிதான் அவளுக்குக் கிடைத்த இடைவெளி.

மூலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். குண்டலகேசி ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்று, பௌத்த நூல், நாதகுத்தனார் எழுதியது. நமக்குக் கிடைத்திருப்பது 19 பாட்டு மட்டும். கதை நீலகேசி உரை வழியாகத்தான் முழுசாகத் தெரிகிறது. அதில் வணிகர் மகள் பத்திரை, கொலைக்களத்துக்குக் கொண்டுபோகும் காளன் என்ற கள்வனைக் கண்டு ஆசைப்படுகிறாள். அவனை விடுவித்து மணம் செய்துவைப்பது அவள் அப்பா. பிறகு ஒரு ஊடலில் 'நீ கள்வன்தானே' என்று சொல்லிவிடுகிறாள். அந்த ஒரு வார்த்தைக்காக அவன் மலைக்குக் கூட்டிப்போகிறான். வலம் வருவதும் தள்ளுவதும் காப்பியத்திலேயே இருக்கின்றன. சிலைக்குப் பின்னால் நிற்கும் காட்சிதான் படத்தில் கூடுதல். அப்பாவின் செல்வாக்கால் நடந்த விடுதலையைப் படம் மகளின் குரலால் நடந்ததாக மாற்றியிருக்கிறது. இந்த ஒரு மாற்றத்தால்தான் அவளுக்கு இரண்டு 'பின்னாடி' கிடைக்கிறது. சிலை பேசுவது பகுத்தறிவுப் பிரசாரம் என்று மட்டும்தான் நான் இதுவரை படித்து வந்தேன். அது தப்பில்லை. ஆனால் சிலை பேசாது என்று காட்டுவதோடு அந்தக் காட்சி நிற்கவில்லை. பேசியது ஒரு பெண், அவள் அவளாக வந்து பேசியிருந்தால் சபை கேட்டிருக்காது என்றும் காட்டுகிறது.

இதைக் கணக்கு டீச்சர் ஒரே பார்வையில் பார்த்துவிட்டார். எனக்கு ஏன் தெரியவில்லை? நான் 'முதல்' எதுவோ அதைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அம்மாவையும் இங்கே சொல்லியாக வேண்டும். அம்மா இந்தப் படத்தை முதலில் பார்த்தது சின்ன வயதில், டெண்டு கொட்டாயில். மணலைக் குவித்து மேடு கட்டி உட்கார்ந்து பார்த்த தலைமுறை. "சினிமாவுலதான் கண்ணு, மூணு மணி நேரம் எங்கள யாரும் எந்திரின்னு சொல்ல மாட்டாங்க" என்றார். பழைய படத்தின் இனிமை என்று நாம் எழுதித் தள்ளுகிறோமே, அம்மாவுக்கு அந்த இனிமையில் பாதி உட்கார்ந்திருந்ததன் இனிமை.

அதே அம்மாவுக்குப் பழைய சாமான்மேல் துளி ஆசை கிடையாது. கொல்லையில் கவிழ்ந்து கிடந்த ஆட்டாங்கல்லை மருமகள் நிமிர்த்திக் கழுவச் சொன்னபோது, "நீ வேணா ஆட்டும்மா. ஆசைக்கு நல்லாருக்கும், தினத்துக்கு நல்லாருக்காது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எட்டுப் பேருக்கு விடியற்காலை மாவு ஆட்டிய தோள் அது. கிரைண்டர் வந்த நாளை எங்கள் அப்பா செத்த நாளைவிடத் துல்லியமாகச் சொல்வார் என்று வீட்டில் கிண்டல் செய்வோம்.

என் மனைவி அம்மாவோடு சண்டை போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆட்டுகிறார், மற்ற நாள் கிரைண்டர். "தினமும் ஆட்டச் சொன்னா நானே இதத் தூக்கிப் போட்டுருவேங்க. நானா எடுத்து நானா வைக்கிறதுதான் இதுல சுகம்" என்றார். நான் பழமை ஆசை என்று இளக்காரம் செய்தது இதைத்தான். அவருக்கு மலையுச்சி இருப்பது நன்றாகத் தெரியும், பக்கத்திலேயே மாமியார் இருக்கிறாரே. தெரிந்துதான் பாட்டையும் கேட்கிறார். வாரத்தில் மற்ற வேலை எதையும் அவர் தேர்ந்தெடுத்துச் செய்வதில்லை, அவை வந்து விழுகின்றன. கல்சட்டியும் பல்லாங்குழியும் பத்து மணிப் படமும் அவர் தேர்ந்தெடுத்தவை.

இங்கே எனக்கு உறைத்த இன்னொரு கணக்கு. என் ஆய்வு ஞாயிறு காலை ஒன்பதுக்குத் தொடங்குகிறது. அவருடைய பொழுதுபோக்கு ராத்திரி பத்துக்குத் தொடங்குகிறது. ஒன்பதுக்கு நான் உட்கார முடிவது, அந்நேரம் அவர் உட்காராததால்தான். இரண்டும் ஒரே பழைய படங்கள், ஒரே ஊர், ஒரே ஆசை. ஒன்றுக்கு ஆய்வு என்று பெயர் வந்ததும் மற்றதற்குப் பொழுதுபோக்கு என்று பெயர் வந்ததும் தரத்தால் இல்லை, கடிகாரத்தால்.

உள்ளூர் சினிமா வரலாறு எழுதும் நண்பர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நாம் எல்லோரும் தேதி சரிபார்க்கிறோம், போஸ்டர் சேர்க்கிறோம், வளைவைப் போட்டோ எடுக்கிறோம். அது தேவை, நானும் நிறுத்தப்போவதில்லை. ஆனால் அந்தப் படங்களை ராத்திரி பத்து மணிக்கு மேல் பார்த்து, ஒரு வரியில் விமர்சனம் சொல்லிவிட்டு அரிசி ஊறவைக்கப் போகிறவர்கள் நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறார்கள். அந்த ஒரு வரிகளை யாரும் குறித்துவைப்பதில்லை. முழு விமர்சனமாக எழுதித் தாங்களேன் என்று மனைவியிடம் கேட்டேன். "சொன்னதப் போட்டுக்கங்க, எழுத எனக்கு எங்க நேரம்" என்றார். அதனால்தான் இந்தக் கட்டுரை நான் எழுதியதாக வருகிறது. இதில் சரக்கு எது என்று படித்தவர்களுக்குத் தெரியும்.

அம்மாவிடம் ஒரு பழக்கம் உண்டு. அமுதவல்லி தள்ளிவிட்டதும் எழுந்துவிடுவார். கதை அதற்கு மேலும் போகிறது, உட்காருங்கள் என்றால் கேட்பதில்லை. "அவ பொழச்சுட்டா, போதும்" என்பார்.

எக்செல்லில் மந்திரி குமாரி வரியைத் திருத்திவிட்டேன். முக்கியத்துவம் என்ற இடத்தில் முதலில் அமுதவல்லி. டங்கன் மூன்றாவதாக வருகிறார். மேலே முதல் வரியில் சதி அகல்யா நிற்கிறாள். அவளுக்கு நான் எழுதியிருப்பது 'முதல் படம்' என்ற இரண்டு வார்த்தை மட்டும். அங்கிருந்து மறுபடி தொடங்க வேண்டும், இந்தத் தடவை பத்து மணிக்கு மேல், அவர்களோடு உட்கார்ந்து.