ஜப்பானில் அயர்லாந்து இசை: எப்படிக் கேட்பது?

அயர்லாந்தின் நாட்டார் இசை என்றதும் பலரையும் இழுப்பது அதன் வேகம்தான். ஜப்பானியர்களுக்கு அது எப்படி நெருக்கமானது என்று உணர, வேகத்தை விட்டுவிட்டு மெட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு பள்ளிப் பாட்டிலிருந்து தொடங்கலாம். தாமஸ் மூரின் ‘கோடையின் கடைசி ரோஜா’ பாடல் மெட்டு, 1884-இல் ஜப்பானியத் தொடக்கப் பள்ளிப் பாட்டுப் புத்தகத்தில் இடம்பிடித்தது. இன்று அதன் பெயர் ‘நிவா நோ சிகுசா’. ரோஜா போய், பனியிலும் வாடாத வெள்ளைச் சாமந்தி வந்துவிட்டது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். மூரிடம் துணையிழந்த தனிமை. ஜப்பானியப் பாட்டில் குலையாத உறுதி. ஒரே மெட்டு இரண்டையும் தாங்குகிறது.

எதிர்த்திசையிலும் பயணம் நடந்திருக்கிறது. ஜப்பானின் மரபு நாடகமான நோவில் மனம் பறிகொடுத்த அயர்லாந்துக் கவிஞர் யேட்ஸின் ‘பருந்தின் கிணற்றருகே’ 1916-இல் லண்டனில் அரங்கேறியது. பிறகு அது ஜப்பானில் ‘தாகாஹிமே’ என்ற நோ நாடகமாயிற்று. 2017-இல் டோக்கியோவில் அந்த நாடகத்தில் நோ கலைஞர்களோடு அயர்லாந்தின் அனூனா குழு பாடியது.

ஆனாலும் என் மனம் ஒட்டுவது செஷன் எனப்படும் கூட்டு வாசிப்பில்தான். டோக்கியோவிலும் கியோத்தோவிலும் பப்களில் ஜப்பானியக் கலைஞர்கள் பிடில், டின் விசில், புல்லாங்குழலோடு சுற்றி உட்கார்ந்து வாசிப்பார்கள். முதலில் எண்ணிப் பாருங்கள்: மூன்று மூன்றாக உருண்டால் ஜிக், நான்காக ஓடினால் ரீல். பெரும்பாலான மெட்டுகளுக்கு இரண்டு பகுதிகள். பகுதிக்கு எட்டுத் தாளக்கட்டு. ஒவ்வொன்றையும் இருமுறை வாசித்தால் ஒரு சுற்று. இரண்டு மூன்று சுற்றுக்குப் பின் நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். அந்தத் தாவலைத் தவறவிடாதீர்கள், உடம்பே சிலிர்க்கும்.

அதைவிட முக்கியமானது இரண்டாம் சுற்று. எல்லோரும் ஒரே மெட்டைத்தான் வாசிக்கிறார்கள், ஆனால் ஒருவர் ஒரு சுரத்தைச் சுழற்றுவார், இன்னொருவர் அதையே வெட்டிச் செல்வார். கோத்தோ, ஷாமிசென், ஷகுஹாச்சி மூன்றும் சேரும் ஜப்பானின் சங்க்யோகு இசையிலும் கருவிகள் ஒரே மெட்டைத் தத்தம் வழியில் சொல்லிச் செல்கின்றன. அதைக் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த இசை அந்நியமாக இருக்க முடியாது என்றே நம்புகிறேன்.

நடன மெட்டு ஓடும்போது தாளம் போடலாம், பேசலாம். யாராவது துணைக்கருவியின்றிப் பாடத் தொடங்கினால் பேச்சை நிறுத்திவிடுங்கள். இடைவேளையில் மெட்டின் பெயரையும் யாரிடம் கற்றார்கள் என்பதையும் கேளுங்கள். அயர்லாந்தின் ஸ்லைகோ வட்டாரப் பாணி என்று பதில் வந்தால், 1920-களில் நியூயார்க்கில் பதிவான மைக்கேல் கோல்மனின் பிடிலைத் தேடிக் கேளுங்கள்.